நெருப்புக்கு முதுகைக் கொடுத்து: விண்வெளிக்குப் போனவர்கள் வெள்ளிகளைக் கண்டார்களா?

1969 ஜூலை 19ஆம் திகதி, சந்திரனை நெருங்கிக்கொண்டிருந்த அப்பலோ 11 விண்கலத்திலிருந்து நீல் ஆம்ஸ்ட்ரோங் ஹூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டு மையத்துக்கு ஒரு செய்தி சொன்னார். பயணம் தொடங்கிய பிறகு முதன்முறையாக இப்போதுதான் விண்மீன் கூட்டங்களை அடையாளம் பிடிக்க முடிகிறது, பூமியில் இரவு நேரத்தில் இருப்பதுபோல வானம் முழுக்க வெள்ளிகள் (விண்மீன்கள்) என்பது அதன் சாரம். 24 நாள் கழித்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அதே ஆம்ஸ்ட்ரோங் வேறொன்று சொன்னார். சந்திரத் தரையில் நின்றபோதும் சரி, சந்திரனின் பகல் பக்கத்துக்கு மேலே பறந்தபோதும் சரி, கருவியை வைத்துப் பார்த்தாலொழிய வெறுங்கண்ணுக்கு வெள்ளிகள் தெரியவேயில்லை என்றார்.

ஒரே ஆள், ஒரே பயணம், இரண்டு பதில். எங்கள் பிள்ளைகளின் கடிதம் இந்த இடத்தில்தான் மூன்று கிழமையாக நின்றுபோயிருந்தது.

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு வானம் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. தரம் 8 பிள்ளையும் வரும், உயர்தரப் பிள்ளையும் வரும். விண்வெளிக்குப் போய்வந்த ஒருவருக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதவேண்டும், அதில் ஒரேயொரு விசயத்தைத்தான் கேட்கவேண்டும் என்று முடிவெடுத்தோம். முக்கால்வாசிப் பேர் எழுதிக்கொண்டு வந்தது ஒரே கேள்விதான்: அங்கிருந்து பார்த்தால் வெள்ளிகள் எப்படித் தெரியும்? (எங்கள் பக்கத்தில் விண்மீனை வெள்ளி என்றுதான் சொல்வோம். சுக்கிரனைச் சொல்லும்போது வெள்ளிக் கோள் என்று பிரித்துச் சொல்கிறேன்.) ஒரு பொடியன் மட்டும் வெறும் தாளைத் தந்தான். "ரீச்சர், அவங்க போகவே இல்லையாம். முதல்ல தெரிஞ்ச என்டாங்க, மறுகா தெரியல்ல என்டாங்க. எடுத்த போட்டோவுல ஒரு வெள்ளியும் இல்ல" என்றான். போனில் யாரோ அனுப்பிய வீடியோ.

அவனுடைய சந்தேகம் நியாயமானது. இரண்டு பதிலும் ஒன்றையொன்று மறுப்பதுபோல இருந்தால் கேட்கத்தான் வேண்டும். எனக்கு அந்த வீடியோமீதுதான் கோபம். ஆகஸ்ட் 12 சந்திப்பில், அதே பயணத்தில் போன மைக்கல் கொலின்ஸ் "பார்த்ததாக ஞாபகம் இல்லை" என்று சொல்கிற துண்டை அதில் வெட்டிப் போட்டிருந்தார்கள். எதைக் கேட்டதற்கு அப்படிச் சொன்னார் என்பது அதில் கிடையாது. அன்று கேட்கப்பட்டது சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் பற்றியது. கண்கூசும் அந்த வெளிச்சத்தையும் மீறி வெள்ளிகள் தெரிந்தனவா என்றுதான் கேட்டார்கள். கேள்வியை எடுத்துவிட்டுப் பதிலை மட்டும் நீட்டினால் எந்த மனிதரையும் பொய்யராக்கிவிடலாம்.

ஜூலை 19க்குத் திரும்புவோம். பூமியைச் சுற்றுவதை விட்டுச் சந்திரனை நோக்கிக் கிளம்பிய பிறகு அந்தக் கலம் வெயிலிலேயே போனது. ஒரே பக்கம் சூடேறிவிடாமல் இருக்க, சட்டியில் போட்டதைப் பிரட்டுவதுபோல மெதுவாகச் சுழன்றுகொண்டு போனார்கள். ஒவ்வொரு சுற்றிலும் யன்னல்களில் சூரியன் வரும், பூமி வரும், சந்திரன் வரும். உள்ளே கருவிப் பலகையின் விளக்குகள். வெளியே வானம் கன்னங்கரேலென்று கிடந்தும் கண் இருட்டுக்குப் பழக ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. பிறகு, சந்திரனின் நிழலுக்குள் கலம் நுழைந்தது. சூரியன் சந்திரனுக்குப் பின்னால் மறைந்தது. நாங்கள் சூரிய கிரகணம் என்று சொல்வது அவர்களுக்கு அப்போது நடந்தது. சிறிது நேரத்தில் வெள்ளிகள் வந்தன. அவை எங்கேயும் போயிருக்கவில்லை. பயணம் முழுவதும் யன்னலுக்கு வெளியேதான் இருந்தன.

பிறகு சந்திரத் தரை. பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சந்திரனில் காற்று இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பூமியில் பகல் வானம் நீலமாக இருப்பது காற்று மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலப் பகுதியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால். காற்றில்லாத இடத்தில் சிதறலும் இல்லை, அதனால் நண்பகலிலும் வானம் கறுப்பு. கறுப்பு வானத்தைக் கண்டவுடன் மனம் "இரவு" என்று முடிவுகட்டிவிடுகிறது. இரவென்றால் வெள்ளி இருக்கவேண்டும் அல்லவா? ஆனால் அங்கே நின்றவர்களுக்கு அது பகல். தலைக்கு மேலே மட்டும்தான் கறுப்பு. காலடியிலிருந்து அடிவானம்வரை தரை முழுவதும் வெயிலில் எரிந்துகொண்டிருந்தது. சந்திரத் தரை, பழைய தார் வீதியைப்போல, தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் திருப்பியனுப்புகிறது. அது போதும். மத்தியானம் 12 மணிக்குத் தார் வீதியை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்தப் பத்தில் ஒன்று எவ்வளவு என்று தெரியும். இதற்கு மேல் தலைக்கவசத்தில் பொன் பூசிய மறைப்பு வேறு.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகும். சூரியன் முழுநிலாவைவிட ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு பிரகாசமானது. இரவு வானத்தின் மிகப் பிரகாசமான வெள்ளியான சிரியஸை எடுத்தால், சூரியன் அதைவிட 1,300 கோடி மடங்கு. ஒரே கண் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கையாள முடியாது. கண்ணின் பாவை வெயிலில் 2 மில்லிமீற்றருக்குச் சுருங்கும், இருட்டில் 7 மில்லிமீற்றர்வரை விரியும். அதனால் கிடைக்கும் மேலதிக ஒளி பன்னிரண்டு மடங்குதான். மீதி வேலை விழித்திரையில், இரசாயனமாக நடக்கிறது. மங்கலான ஒளியை உணரும் கோல் கலங்களில் ஒரு நிறப்பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். மறுபடி ஊறி நிறைய அரை மணித்தியாலம், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். ஒருமுறை டோர்ச்சை முகத்தில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

இதை நான் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே படித்துவிட்டேன். நான் பிறந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். 1990களில் எங்கள் ஊருக்குக் கரண்ட் கிடையாது. வீட்டில் குப்பி விளக்கு. வேளாண்மைக் காலத்தில் அப்பா வட்டைக்கு (வயல்வெளிக்கு) காவலுக்குப் போவார். சில இரவுகளில் நானும் அவரோடு வாடியில் (காவல் குடிசையில்) கிடப்பேன். யானைக்காக வாடிக்கு முன்னால் நெருப்பு மூட்டி வைப்பார்கள். குளிருக்கு நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். அப்பா நெருப்புக்கு எதிர்ப்பக்கம் கிறுகி உட்காருவார். "நெருப்புக்கு முதுகக் குடுத்து இரி புள்ள, இல்லாட்டி யானை வந்தாலும் காணமாட்டாய்" என்பார். நெருப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் வட்டை இருக்காது, வரம்பு இருக்காது, வானத்தில் ஒன்றும் இருக்காது, எல்லாம் கறுப்பு. அவர் சொன்னபடி திரும்பி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பொறுத்தால் முதலில் வரம்பு தெரியும், பிறகு தூரத்துக் காட்டின் விளிம்பு, பிறகு அதற்கு மேலே ஒவ்வொன்றாக வெள்ளிகள்.

சந்திரத் தரையில் நின்றவர்களுக்கு முதுகைக் கொடுக்க இடம் இருக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எரிகிற தரை. அத்தோடு அப்பலோ 11 வீரர்கள் இருவரும் அன்று தரையில் நடந்தது இரண்டரை மணித்தியாலம்வரைதான். கல் பொறுக்கவும், கருவிகளை நிறுத்தவும், படம் எடுக்கவும் நிமிடக் கணக்குப் போட்டு வேலை கொடுத்திருந்தார்கள். நிழலில் ஒதுங்கி அரை மணித்தியாலம் கண்ணைப் பழக்குவது அந்தப் பட்டியலில் இல்லை.

கமராவின் கதையும் இதுதான், ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெயிலில் நிற்கும் வெள்ளை உடுப்பைப் படம் எடுக்க, கமராவின் கதவு செக்கனில் 250இல் ஒரு பங்கு திறந்தால் போதும். வெள்ளிகள் படத்தில் விழவேண்டுமானால் பல செக்கன் திறந்திருக்கவேண்டும். 10 செக்கன் என்று வைத்தால்கூட அது 2,500 மடங்கு. அப்படித் திறந்து வைத்தால் வெள்ளி விழும், ஆனால் ஆளும் தரையும் வெறும் வெள்ளைப் படலமாகிவிடும். பிள்ளைகள் இதைக் கடற்கரையிலேயே செய்து பார்த்தார்கள். ஒருத்தியை நிறுத்தி, முகத்தில் டோர்ச் அடித்துப் போனில் படம் எடுத்தார்கள். அவளுக்குப் பின்னால் விருச்சிகம் முழுவதும் தெரிந்துகொண்டிருந்தது. படத்தில் ஒரு வெள்ளியும் இல்லை. வெறும் தாளைத் தந்த பொடியன் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தான்.

சந்திரத் தரையிலிருந்து வெள்ளிகளைப் படம் எடுத்தும் இருக்கிறார்கள். 1972 ஏப்ரலில் அப்பலோ 16 கொண்டுபோன புறஊதாக் கமரா ஒன்று அதற்காகவே செய்யப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஜோர்ஜ் கறதர்ஸ் என்ற பௌதிகவியலாளர். அந்தக் கமராவை எங்கே வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விசயம்: இறங்கிய கலத்தின் நிழலில். அந்த நிழலில் இருந்துகொண்டு அது பூமியைச் சுற்றியுள்ள வாயு மண்டலத்தையும், வெள்ளிகளையும், பெரிய மகெல்லன் முகில் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தையும் பதிவு செய்தது. அதற்கு முந்திய வருடம், 1971 பெப்ரவரியில், அப்பலோ 14 வீரர்கள் எடுத்த படங்களில் பூமியின் பிறைக்குக் கிட்ட ஒரு பொட்டு தெரிகிறது. அது வெள்ளிக் கோள். எங்களுக்கு விடிவெள்ளியாக வருவதுதான். வெயிலிலும் படத்தில் விழும் அளவுக்குப் பிரகாசம் அதற்கு மட்டும்தான் இருந்தது.

இனிச் சந்திரனை விட்டுவிட்டுக் கிட்ட வருவோம். இன்றைக்கு யாராவது விண்வெளியிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பதில் எழுதினால், அவர் அநேகமாக சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவராகத்தான் இருப்பார். அது 400 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 92 நிமிடம் அளவு செல்கிறது.

மட்டக்களப்பில் பிறந்த பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். வாவிக்குக் கிழக்கே இருப்பது எழுவான்கரை, மேற்கே இருப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரையும் படும் கரையும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே காலையும் மாலையும் இருக்கின்றன. அந்த நிலையத்தில் இருப்பவர் ஒரு நாளைக்குப் பதினாறு தடவை எழுவானையும் படுவானையும் தாண்டுகிறார். இதைக் கரையில் நின்று கண்ணாலேயே காணலாம். பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்துக்குள், நிலையம் எங்கள் தலைக்கு மேலால் வரும் நாட்களில், படுவான் பக்கமிருந்து கண்சிமிட்டாத ஒரு பெரிய வெள்ளி எழும்பி வரும். சத்தம் இருக்காது. உச்சியைத் தாண்டி எழுவான் பக்கம், கடலுக்கு மேலே போகிறபோது, முகில் ஒன்றும் இல்லாமலே மங்கி அணைந்துவிடும். முதன்முறை பார்த்த பிள்ளைகள் "விழுந்திட்டா ரீச்சர்?" என்று கேட்டார்கள். விழவில்லை. பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. நாங்கள் அதை அணையக் காண்கிற அந்தக் கணத்தில், உள்ளே இருப்பவர்களுக்குச் சூரியன் மறைகிறது.

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஏறத்தாழ 35 நிமிட இரவு. இதில்தான் சிக்கல். கண் முழுதாக இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேண்டும் என்று மேலே சொன்னேன். கண் ஆயத்தமாகிற நேரத்துக்கு அடுத்த விடியல் வந்துவிடுகிறது. ஆகவே அங்கே வெள்ளி பார்க்க ஆசைப்படுகிறவர் படுவானுக்கு முன்பே ஆயத்தப்படவேண்டும். உள் விளக்குகளை அணைக்கவேண்டும், கணினித் திரைகளின் ஒளி யன்னல் கண்ணாடியில் தெறிக்காமல் மறைக்கவேண்டும். 2010இல் பொருத்தப்பட்ட ஏழு யன்னல் கூண்டில் போய் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பொறுத்திருக்கவேண்டும். இப்படிச் செய்யாத ஒருவர், ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்து "பெரிதாக ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினாலும் அது உண்மையான பதில்தான்.

டொன் பெற்றிற் என்ற அமெரிக்க வீரர் இதை மினக்கெட்டுச் செய்தவர். நிலையம் எப்போதும் ஒரே பக்கத்தைப் பூமிக்குக் காட்டிக்கொண்டு சுற்றுவதால், யன்னலில் வெள்ளிகள் நிமிடத்துக்கு 4 பாகை வீதம் நகர்கின்றன. கரையில் நிற்கும் எங்களுக்கு வானம் 1 பாகை நகரவே 4 நிமிடம் செல்லும். அங்கே கமராவை 10 செக்கன் திறந்து வைத்தால் ஒவ்வொரு வெள்ளியும் முழுநிலாவின் அகலத்தைவிட நீளமான கோடாகிவிடும். 2011, 2012இல் அங்கே இருந்தபோது பெற்றிற் அந்தக் கோடுகளையே அழகாக்கினார். 30 செக்கன் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார். மேலே வெள்ளிகளின் வளைகோடுகள், கீழே நகரங்களின் மஞ்சள் கோடுகள், இடையிடையே மின்னல் பொட்டுகள். 2024 செப்டெம்பரில் மறுபடி போனபோது, நிலையத்தின் சுழற்சிக்கு எதிராகக் கமராவை மெல்லத் திருப்பும் கருவி ஒன்றைத் தானே செய்து கொண்டுபோனார். அதனால் வெள்ளிகள் புள்ளிகளாகவே விழுந்தன. படங்களில் பூமியின் விளிம்புக்கு மேலே பச்சையாக ஒரு மெல்லிய வளையம் தெரியும். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் அணுக்கள் இரவிலும் விடுகிற ஒளி அது. கடற்கரையில் நிற்கும் எங்கள் தலைக்கு மேலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு இருட்டான இரவிலும் வானம் சுத்தக் கறுப்பாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"மேலே போனால் வெள்ளி பெரிசாத் தெரியுமா?" என்பது எல்லாப் பிள்ளைகளும் கேட்பது. தெரியாது. சந்திரன் 3,84,400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. சூரியனுக்கு அடுத்த கிட்டிய வெள்ளி 40 இலட்சம் கோடி கிலோமீற்றருக்கு அப்பால். பூமிக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு மீற்றர் என்று வைத்தால், அந்த வெள்ளி ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும். ஓர் அடி முன்னால் வைத்ததற்கு என்ன மாறப்போகிறது? சந்திரனிலிருந்து பார்த்தாலும் அதே கார்த்திகை, அதே திருவாதிரை, அதே வடிவம்.

பிரகாசம் கூடுமா என்றால், கொஞ்சம். உச்சியில் நிற்கும் வெள்ளியின் ஒளியில் காற்று விழுங்குவது நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான். அடிவானத்தில் நிற்பதற்கு இழப்பு பல மடங்கு. மேலே அந்த இழப்பு இல்லை, மினுமினுப்பும் இல்லை. மினுமினுப்பு வெள்ளியின் குணம் அல்ல. சூடும் குளிருமாகப் புரளும் காற்றுக்குள்ளால் ஒளி வரும்போது ஏற்படும் நெளிவு அது. அடுப்புக்கு மேலால் பார்த்தால் எதிர்ச் சுவர் ஆடுவது போல.

கொஞ்சம்தான் கூடும் என்றால், சிலர் ஏன் வாயடைத்துப்போய்ப் பேசுகிறார்கள்? அப்பலோ 15இல் 1971இல் போன அல் வோர்டன், மற்ற இருவரும் தரையில் இருக்க, மூன்று நாள் தனியே சந்திரனைச் சுற்றினார். சுற்றின் ஒரு பகுதியில் சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. முழு இருட்டு. அங்கே வெள்ளிகள் தனித்தனியாக இல்லாமல் ஒளிப் படலம்போல இருந்தன, பழகிய கூட்டங்களைப் பிரித்தறிய முடியவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். இதற்கும் கணக்கு இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் பிரகாசத்தின் எல்லை ஒரு படி கீழே இறங்கினால், தெரிகிற வெள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்காகும். நல்ல இருட்டில் வானம் முழுவதிலும் வெறுங்கண்ணுக்கு எட்டுவது 9,000 அளவு. காற்றின் ஒளி இல்லை, தூசு இல்லை, நேரம் எடுத்துப் பழகிய கண் என்று எல்லாம் சேர்ந்தால் எல்லை கீழே போய்விடும். எங்கள் பிள்ளைகளுக்கும் இது நடந்தது. நகரத்தில் வேட்டைக்காரன் (ஓரியன்) கூட்டத்தை அடையாளம் பிடிக்கப் பழகிய பிள்ளை, ஒருநாள் படுவான்கரையில் ஓர் உறவினர் வீட்டு முற்றத்தில் நின்று "காணல்ல ரீச்சர், எல்லாம் கலந்து கிடக்கு" என்று போன் எடுத்தாள். அதற்கு முன் அவளுக்குத் தெரிந்தது பெரிய வெள்ளிகள் மட்டும்தான். எல்லாம் தெரியத் தொடங்கியதும் உருவம் தொலைந்துவிட்டது.

அப்பலோ 11இல் தனியே சுற்றிய கொலின்ஸ் சந்திரனின் மறுபக்கத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் 48 நிமிடம் பூமியோடு தொடர்பு இருக்காது. யன்னலுக்கு வெளியே சந்திரன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தது வெள்ளிகள் இல்லாத இடத்தை வைத்துத்தான் என்று பின்னர் எழுதியிருக்கிறார். வீடியோக்காரர்கள் "பார்த்ததாக ஞாபகம் இல்லை" என்று பேச வைத்த அதே மனிதர்.

வெள்ளி பார்ப்பது அவர்களுக்கு வேலையாகவும் இருந்தது. அப்பலோ கணினியில் 37 வெள்ளிகளின் இடம் பதியப்பட்டிருந்தது. 28 மடங்கு பெருக்கும் கருவியை ஒரு வெள்ளிமேல் குத்திப் பிடித்து, பொத்தானை அமர்த்தினால், கலம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று கணினி தன்னைத் திருத்திக்கொள்ளும். கருவி வைத்தால் தெரியும் என்று ஆம்ஸ்ட்ரோங் சொன்னதற்கு இதுதான் பொருள். அந்த 37ஐ ஒருநாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து எங்கள் பெயர்களுக்கு மாற்றிப் பார்த்தேன். ரோகிணி இருக்கிறது. மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் இருக்கின்றன. அகத்தியர் இருக்கிறார். அம்மா கலியாணப் பொருத்தம் பார்க்கக் கொண்டுபோகும் சாதகக் கொப்பியில் உள்ள பெயர்கள் சந்திரனுக்கு வழிகாட்டிய கணினியிலும் இருந்தன என்றபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். என் வெள்ளி கேட்டை. அதுவரைக்கும் அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சம் இருந்தது.

இன்னொன்றும் கணக்குப் பண்ணினோம். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7.7 பாகையில் இருக்கிறது. அதனால் துருவ வெள்ளி வடக்கே அடிவானத்தை ஒட்டித் தெரியும், தெற்கே தென்துருவத்தை அண்டிய ஒரு சிறு வட்டம் தவிர மற்றதெல்லாம் வருடத்தில் ஏதோ ஒரு நேரம் எழும். பட்டியலின் 37 வெள்ளிகளையும் இந்தக் கரையிலிருந்து காணலாம். ஹூஸ்டனில் நின்று காணமுடியாது. தென்சிலுவையின் அடிவெள்ளியும், தெற்கு முக்கோணத்தின் பெரிய வெள்ளியும் அங்கே எழுவதேயில்லை. பயணத்தை நடத்திய நகரத்தில் தெரியாத இரண்டு வெள்ளிகள் சித்திரை, வைகாசி இரவில் கல்லடியில் தெற்கு வானத்தில் நிற்கின்றன.

பட்டியலில் மூன்று பெயர்கள் எந்தப் பழைய வானியல் நூலிலும் இல்லாதவை: நவி, டினோசெஸ், ரெகோர். கஸ் கிறிசம் என்ற வீரர் விளையாட்டாக வைத்தவை. தன் நடுப்பெயர் ஐவனையும், கூட்டாளி எட்வேர்ட் வைற்றின் பெயருக்குப் பின்னால் வரும் 'இரண்டாமவர்' என்ற ஆங்கிலச் சொல்லையும், ரோஜர் சாஃபியின் முதற்பெயரையும் பின்பக்கமிருந்து எழுதினார். 1967 ஜனவரி 27ஆம் திகதி ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையில் கலத்துக்குள் தீப்பிடித்து மூவரும் இறந்தார்கள். பிறகு போனவர்கள் அந்தப் பெயர்களை எடுக்கவில்லை. வெள்ளியைக் குறிவைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று பேரின் பெயரும் பட்டியலில் வந்தது.

தெரிந்தும் பயனில்லாமல் போன ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1970 ஏப்ரலில் அப்பலோ 13இன் ஒட்சிசன் தாங்கி வெடித்த பிறகு, உடைந்த துணுக்குகள் கலத்தோடு கூடவே மிதந்து வந்தன. வெயில் பட்டு ஒவ்வொன்றும் வெள்ளியாக மின்னியது. எது வெள்ளி, எது துணுக்கு என்று கலத்தின் தளபதி ஜிம் லொவலால் பிரிக்க முடியவில்லை. திசையைச் சரிபார்க்கக் கடைசியில் சூரியனையே குறிவைத்தார்கள். அதற்கு எட்டு வருடம் முன்னர் ஜோன் கிளென் என்ற அமெரிக்க வீரர் தன் கலத்தைச் சுற்றி மின்மினிகள் பறப்பதாகச் சொன்னதும் இதே வகைதான். அடுத்துப் போன ஸ்கொட் கார்ப்பென்ரர் உள்ளிருந்து கலத்தின் சுவரைத் தட்டிப் பார்த்தார். வெளிச்சுவரில் உறைந்திருந்த பனித்துணுக்குகள் பறந்தன. மின்மினியின் கதை அத்தோடு தீர்ந்தது.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு கடிதத்தை மறுபடி எடுத்தோம். "வெள்ளிகள் தெரியுமா?" என்று கேட்டால் வருகிற பதில் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அதில் ஒன்றும் இருக்காது என்று இப்போது பிள்ளைகளுக்கே விளங்கிவிட்டது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் நிற்பவரிடம் வெள்ளி தெரிந்ததா என்று கேட்டால் இல்லை என்பார். நிலாவே இல்லாத இரவு, ஆனால் தீர்த்தக்குளத்தைச் சுற்றி அத்தனை வெளிச்சம். அதே இரவில் வட்டை வாடியில் கிடப்பவர் வானம் கொட்டிக் கிடந்தது என்பார். இருவரிடமும் முதலில் கேட்கவேண்டியது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று.

அந்தப் பொடியன்தான் இம்முறை பேனாவை வாங்கினான். எழுத்துப் பிழைகளை மட்டும் நான் திருத்தினேன். அவர்கள் எழுதியது இது:

"மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா, நாங்கள் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் பாடசாலை மாணவர்கள். நீங்கள் வெளியே பார்த்தபோது சூரியன் எந்தப் பக்கம் இருந்தது? உள்ளே எந்த விளக்கெல்லாம் எரிந்தது? அதற்கு முன் எவ்வளவு நேரம் இருட்டில் இருந்தீர்கள்? முதலாவதாகத் தெரிந்த வெள்ளி எது, அதற்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் மற்றவை தெரிந்தன? உங்களுக்குப் பழக்கமான கூட்டம் ஏதாவது காணாமல் போனதா? எங்களுக்கு இங்கே துருவ வெள்ளி கடற்கரைத் தென்னைகளுக்கு மேலே மிகவும் தாழ்வாகத்தான் தெரியும், பல நாள் தெரியாது. உங்கள் யன்னலில் அது எங்கே நின்றது?"